ஔவையாரைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

சற்று நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

"ஐயா, கைப்பேசிச் செயலியில் அந்த நூல் இருப்பது தெரியும். தேடினால் மட்டும் வரமாட்டேன் என்கிறது" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு விடை சொல்ல முந்நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேட நிகண்டுதான் உண்டு. திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாம் செய்யுள் அல்லது நூற்பா வடிவில் இருந்தன. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுத்திருப்பார்கள். மனப்பாடம் செய்தவருக்கு அது போதும். மற்றவர் ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். இன்ன எழுத்துக்குப் பின் இன்ன எழுத்து என்று தெரிந்த எவரும் தேடலாம் என்றாயிற்று. எழுதுபவரும் தேடுபவரும் ஒரே முறையை ஏற்றுக்கொண்டால்தான் தேடல் நடக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கணினி வந்தபோது இந்த உடன்பாடு உடைந்தது. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'க' என்பதற்கு ஒரு எழுத்துரு ஓர் எண்ணைக் கொடுத்தது, இன்னொன்று வேறு எண்ணைக் கொடுத்தது. சென்னையில் தட்டச்சு செய்த கடிதம் கோலாலம்பூரில் வெறும் கிறுக்கலாகத் திறக்கும். இதைச் சரிசெய்ய 1997-இல் சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் ஒரு மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் அடுத்த மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளும் அங்கிருந்து வந்தவை. தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம் இருந்தது. அப்போதும் ஒன்றுக்கு மூன்றாகவே இருந்தன.

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். முதலில் மயிலை எழுத்துரு, பிறகு டிஸ்கி, அதன்பின் யூனிகோடு என்று குறியீடு மாறும்போதெல்லாம் நூல்களையும் மாற்ற வேண்டியிருந்தது. சலிக்காமல் அதைச் செய்தார்கள். நாம் கைப்பேசியில் பழைய இலக்கியத்தைத் தேடிப் படிப்பதில் அந்த உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

யூனிகோடு 1991-இலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் அதை ஏற்றது. இப்போது உலகம் முழுவதும் 'க'வுக்கு ஒரே எண்தான்.

பிறகும் ஏன் தேடல் தவறுகிறது? மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று, 'ஔ' என்பது ஓர் எழுத்து. பலர் 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு விடுகிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஔவையார் கிடைக்காவிட்டால் 'ஒளவையார்' என்று அடித்துப் பாருங்கள்.

இரண்டு, யூனிகோடின் எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. அதில் 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற' வரும். எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலியில் நூற்பட்டியல் முன்பின்னாக இருக்கும்.

மூன்று, நம் இலக்கணம். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' வராது. 'மர' என்று தேடினால் மரபும் மரணமும் சேர்ந்து வரும். வேற்றுமை உருபும் சாரியையும் தெரிந்த செயலிதான் இதைச் சரியாகத் தேடும். வகுப்பில் "சாரியை எதற்கு ஐயா?" என்று கேட்டவர்களுக்கு இதோ பதில். உங்களில் மென்பொருள் துறையில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமைப்புகளில் ஒரு குழப்பமும் உண்டு. செயலியின் பட்டன்கள் எந்த மொழியில் இருக்க வேண்டும், நூல்கள் எந்த மொழியில் வேண்டும், விசைப்பலகை எந்த மொழி என்பவை பெரும்பாலும் தனித்தனி. ஒன்றைத் தமிழுக்கு மாற்றினால் மற்றவையும் மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். தேடும் முன் விசைப்பலகையைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2000-ஆம் ஆண்டையொட்டி தட்டச்சு செய்த பள்ளி ஆண்டு மலர், குலதெய்வக் கோயில் மலர், தாத்தா சொல்ல எழுதிய வம்சாவளி என்று பல வீடுகளில் பழைய கோப்புகள் இருக்கும். அவை பழைய எழுத்துருவில் இருந்தால் எந்தத் தேடலிலும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அது எந்த எழுத்துரு என்று சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றியபின் ஒருமுறை படித்துப் பிழை திருத்துங்கள்.

யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். மாற்றத் தெரிந்த பிள்ளைகள் தெரியாதவர்களுக்கு உதவுங்கள்.