உயரம் அளித்த தீர்ப்பு

படைக்கலம் தெரிவதற்கு வலிமை ஒன்றே அளவுகோல் ஆகாது. அது நின்று பொரும் நிலமும் கருதத்தக்கது. சமவெளியில் விரையும் வண்டி ஏற்றத்தில் இளைப்பது நோட்டன் பிரிட்ஜ் போன்ற மலையூர்களில் வாழ்வோர்க்குப் புதிதன்று. இவ்வுண்மையை இந்திய வான்படை 1999இல் கார்கிலில் உணர்ந்தது.

அந்நாளில் அதனிடமிருந்த மி-25, மி-35 ஆகிய சோவியத் தாக்குதல் உலங்குவானூர்திகள் கனமானவை. உயரம் மிகுந்தோறும் காற்றின் அடர்த்தி குறையும். சுழலிறகின் தூக்குவிசையும் பொறியின் ஆற்றலும் குன்றும். ஆகவே கார்கில் சிகரங்களில் அவை பயன்படவில்லை. போக்குவரத்துக்குரிய மி-17 ஊர்திகளே ரொக்கட்டுகளைப் பூண்டு சென்றன. மே 28இல் அவற்றுள் ஒன்று ஏவுகணையால் வீழ்த்தப்பட, அதிலிருந்த நால்வரும் மாண்டனர்.

பின்னர் மாற்றீடு இருவழிப்பட்டது. 2015இல் அமெரிக்காவின் அப்பாச்சி ஊர்திகள் 22 வாங்க ஒப்பந்தமாயிற்று. 2019இல் அவை பதான்கோட்டில் சேவைக்கு வந்தன. மலைமுகடுகளுக்கெனப் பெங்களூரின் இந்துஸ்தான் விமான நிறுவனம் இலகுவான 'பிரசந்த்' ஊர்தியை உருவாக்கியது. அது 2010இல் முதன்முதலாகப் பறந்தது. வான்படையில் முறைப்படி சேர்ந்ததோ 2022 ஒக்டோபர் 3இல். மேலும் 156 ஊர்திகளுக்கு 2025 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

நால்வர் உயிரீந்து கற்பித்த பாடம் கருவியாக வடிவெடுக்க 23 ஆண்டுகள் சென்றன. தெரிவு தாழ்க்கும்போது அதன் விலையைச் செலுத்துவோர் களத்தில் நிற்பவரே என்பதை வரலாறு மறக்கவொண்ணாது.