கல்லைத் தூளாக்கும் அதிர்ச்சி அலை

சிவகாசியில் தயாரான அணுகுண்டு வெடி ஒன்று தெருவில் வெடிக்கிறது. சற்றுத் தள்ளி நிற்கும் உங்கள் நெஞ்சில் ஓர் அதிர்வு விழுகிறது. ஜன்னல் கதவும் சடசடக்கிறது. வெடித் துண்டு எதுவும் அங்கே வந்து மோதவில்லை. மோதியது காற்றின் வழியே வந்த அழுத்த அலை. இத்தகைய அலையால் உடலுக்குள் இருக்கும் கல்லை உடைக்க முடியுமென்றால் நம்புவீர்களா?

சிறுநீர்க் கல் மனிதனுக்குப் பழைய பகை. சிறுநீர்ப்பைக் கல்லைக் கத்தியால் அகற்றும் முறையைச் சுசுருத சம்ஹிதை அன்றே விவரித்துள்ளது. இருபதாம் நூற்றாண்டிலும் பெரிய சிறுநீரகக் கல்லென்றால் விலாப்புறத்தை அறுத்தே எடுத்தனர். புண் ஆறும்வரை பல வாரங்கள் வேலைக்குப் போக முடியாது. தினக்கூலியை நம்பிய குடும்பத்திற்கு அது இரண்டாவது நோய்!

மாற்று வழி பிறந்தது விமானத் தொழிலில். ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தின்மீது மழைத்துளி மோதினால் என்ன சேதம் விளையும் என்று ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனம் ஆராய்ந்து வந்தது. 1966-இல் ஒரு சோதனையில், அதிவேகக் குண்டு இலக்கைத் தாக்கிய கணத்தில் பொறியாளர் ஒருவர் அந்த இலக்கைத் தொட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் தாக்கியது போன்ற உணர்ச்சி! ஆனால் அங்கே மின்சாரம் இல்லை. அதிர்ச்சி அலையே அவர் உடலுக்குள் பாய்ந்திருந்தது.

இதைத் தொடர்ந்த ஆய்வில் மியூனிக் பல்கலைக்கழக மருத்துவர்களும் சேர்ந்தனர். 1980 பிப்ரவரி 7 அன்று கிறிஸ்டியன் ஷௌசி குழுவினர் முதல் நோயாளிக்கு இச்சிகிச்சையை அளித்தனர்.

நோயாளியை நீர்த்தொட்டியில் இறக்கினர். அடியிலிருந்த நீள்வட்டக் கிண்ணத்தின் ஒரு குவியத்தில் மின்பொறி வெடித்தது. கிளம்பிய அலைகள் கிண்ணத்தில் பட்டுத் திரும்பி மற்றொரு குவியத்தில் ஒன்றுகூடின. எக்ஸ்-ரே உதவியால் கல்லைச் சரியாக அங்கே நிறுத்தியிருந்தனர். நம் தசையில் பெரும்பகுதி நீரே. ஆகவே அலை அதைப் பெரிதும் சிதைக்காமல் கடந்து செல்கிறது. கடினமான கல்லில் மோதும்போதோ அதை விரிசலடையச் செய்கிறது. நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்திற்கும் மேலாக அடிகள் விழ, கல் பொடியாகிச் சிறுநீரோடு வெளியேறுகிறது.

இன்று தொட்டிக்குப் பதில் நீர் நிரம்பிய மெத்தை போதும். ஆயினும் மிகப் பெரிய கற்களுக்கு இம்முறை ஏற்றதன்று. கர்ப்பிணிகளுக்கும் செய்யக் கூடாது.

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தின் வறண்ட வெயில் பட்டாசு உலர உதவுகிறது. அதே வெயில் நம் உடல்நீரையும் வியர்வையாக உறிஞ்சுகிறது. சிறுநீர் குறைந்து அடர்த்தியாகும்போது அதிலுள்ள உப்புகள் படிந்து கல்லாகின்றன. எனவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். கல்லை உடைக்கும் அலைக்கும் நீரே பாதை. கல் வராமல் தடுக்கவும் நீரே துணை.