இருக்கை உரிமை

கடை, நிறுவனங்களில் வேலை செய்வோர் பணியின் இடையே உட்கார்ந்துகொள்ள, தமிழ்நாட்டில் சட்டம் வழங்கியுள்ள உரிமை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் முன்வடிவைத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் 2021 செப்டம்பர் 6 அன்று பேரவையில் கொண்டுவந்தார். அதன்வழி 22-அ என்னும் புதிய பிரிவு சேர்ந்தது. பெரம்பலூர், அரியலூர் கடைவீதிகளின் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை ஊழியர் எல்லாருக்கும் இது பொருந்தும்.

சேலை எடுக்க வந்தவர் உட்கார்ந்து பார்ப்பார். மடிப்பு பிரித்துக் காட்டும் பெண் காலை முதல் இரவு வரை நிற்பார். ஆடி, தீபாவளி நாள்களில் அந்த நிற்றல் இன்னும் நீளும். கால் வீக்கம், நரம்புச் சுருட்டு, முதுகுவலி ஆகியவை இதன் விளைவுகள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரவிடாமல் வைப்பதை ஒழுங்கு என்று சொல்வது கொடுமை.

இந்த உரிமையில் இந்தியாவுக்கு முன்னோடி கேரளம். கோழிக்கோட்டின் விஜி பெண்கூட்டு உள்ளிட்ட பெண் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது.

பிரிட்டன் 1899லேயே, மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று விதித்திருந்தது. தமிழ்நாட்டுப் பிரிவு ஆண், பெண் என்று பிரிக்காமல் ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்கிறது.