பசி ஓர் ஆய்வுப்பொருளான கதை

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பமொன்றில் 1909இல் பிறந்த அண்ணாதுரை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3 அன்று சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் காலமானார். அவரது இறுதி ஊர்வலத்தைப் பற்றி எழுதியோர் பலர். இடைப்பட்ட அந்த ஐந்து மாதங்களில் அன்றைய மருத்துவத்தால் எது இயன்றது, எது இயலவில்லை என்று வினவியோர் மிகச் சிலரே. அவர் நினைவாக அமைந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இன்று காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கிறது. முசரவாக்கம் போன்ற சுற்றுவட்டச் சிற்றூர்களில் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டது என்று தெரியவரும்போது குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாள்?" என்பது. இரண்டாவது, "ஒன்றும் சாப்பிட மாட்டேன் என்கிறாரே, என்ன செய்வது?" முதல் கேள்விக்கு ஆய்வுலகம் நெடுங்காலமாக விடை தேடிவருகிறது. இரண்டாவதை அது ஒரு கேள்வியாக மதித்ததே அண்மையில்தான்.

அடையாறு நிலையம் ஓர் இழப்பிலிருந்து பிறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923இல். பன்னிரண்டு படுக்கைகளுடன் நிலையம் திறக்கப்பட்டது 1954இல். அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும் மறுஆண்டு வந்து சேர்ந்த சாந்தாவும் அங்கே எதிர்கொண்டவர்கள் பெரும்பாலும் நோய் முற்றியபின் வந்தவர்களே. வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் புற்று, தாடையை அரித்தபின் வந்து நிற்கும். கத்தியும் கதிர்வீச்சும் தனித்தனியே அதற்குப் போதவில்லை. ஆகவே, கதிர்வீச்சு நடக்கும்போதே மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று அவர்கள் முயன்றனர். அறுபதுகளில் ஜப்பானில் உமேசவா கண்டறிந்த பிளியோமைசினைக் கதிர்வீச்சுடன் இணைத்து அவர்கள் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 1977இல் ஆங்கில மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. மருந்து சேர்க்கப்பட்டவர்களிடம் கட்டி கரைந்தது கூடுதலாகவே இருந்தது. தலை, கழுத்துப் புற்றுக்கு மருந்தும் கதிரும் ஒருங்கே தரும் முறை, பிளியோமைசின் போய் சிஸ்பிளாட்டின் வந்து, உலகெங்கும் நிலைபெற மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. நம்மவர் முன்னோடிகள் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. காலங்கடந்து வந்த ஏழைகளின் நோயே அந்த ஆய்வை வேண்டி நின்றது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

எனினும் அன்று அளக்கப்பட்டது கட்டிதான். நோயாளியின் வலி அல்ல. சிசிலி சாண்டர்ஸ் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய ஆண்டு 1967. நம் நாட்டிலோ 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினை மருத்துவரிடமிருந்தே விரட்டியது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் மருத்துவப் பயன்பாடு ஏறத்தாழ 97 விழுக்காடு வீழ்ந்தது. அபினிச் செடியைச் சட்டப்படி பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாட்டில் இப்படி! கோழிக்கோட்டில் 1993இல் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் இதற்கெதிராக நெடுங்காலம் போராடிற்று. சட்டம் திருத்தப்பட்டது 2014இல்தான்.

இதற்கிடையே 2010இல் அமெரிக்காவிலிருந்து ஒரு வியப்பு வந்தது. பரவிவிட்ட நுரையீரல் புற்று கொண்ட 151 பேரில் ஒரு பாதியினருக்குத் தொடக்கத்திலேயே ஆதரவுச் சிகிச்சையும் அளித்தனர். அவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்ததோடு, சற்றுக் கூடுதலாகவும் வாழ்ந்தனர்: இடைநிலைக் கணக்கில் 8.9 மாதங்களுக்கு எதிராக 11.6 மாதங்கள்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2020இல் வெளியிட்ட ஆய்வை நம் ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டும். முற்றிய தலை, கழுத்துப் புற்று கொண்ட 422 பேர். ஒரு சாராருக்கு நரம்பில் ஏற்றும் சிஸ்பிளாட்டின். மறுசாராருக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் என்னும் மலிவான மாத்திரைகள், வீட்டிலேயே விழுங்கத்தக்கவை. மாத்திரை உண்டவர்கள் 7.5 மாதங்களும் மற்றவர்கள் 6.1 மாதங்களும் வாழ்ந்தனர். தீவிரப் பக்கவிளைவுகளும் மாத்திரையில் குறைவு. ஒன்றரை மாதம்தானா என்று கேட்கலாம். மருத்துவமனை வாயிலில் காத்துக் கிடக்காமல் தம் வீட்டுத் திண்ணையில் கழியும் நாட்களை மாதக் கணக்கில் மட்டும் எடைபோட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனிப் பசிக்கு வருவோம். மனநோய்க்குத் தரப்படும் ஒலான்சபின் உடல் எடையைக் கூட்டும் என்பது மனநல மருத்துவர்களின் பழைய புகார். அந்தக் குறையையே குணமாக்கிக்கொள்ள முடியுமா என்று புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். இரைப்பை, கல்லீரல், கணையம், பித்தப்பாதை, நுரையீரல் ஆகியவற்றில் நோய் முற்றியவர்கள் 124 பேர். கீமோதெரபியுடன் பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் ஒலான்சபின், மீதிப்பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. எவருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, உண்டவருக்கும் தெரியாது. முடிவு 2023இல் வெளியாயிற்று. பன்னிரண்டு வாரத்தில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் எடை கூடியவர்கள் மருந்துண்டோரில் நூற்றுக்கு அறுபது பேர். வெற்று மாத்திரை உண்டோரில் ஒன்பது பேர். கீமோதெரபியின் கடுமையான விளைவுகளும் முதற்சாராரிடம் குறைந்தே காணப்பட்டன.

புதிய மூலக்கூறு எதுவும் இங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. பழைய மருந்து, சிறிய அளவு, சில ரூபாய் விலை. இதனால் பெரும் இலாபம் காணப்போகும் நிறுவனம் எதுவுமில்லை. அதனாலேயே இத்தகைய ஆய்வு ஒரு பொது மருத்துவமனையிலிருந்து வரவேண்டியிருந்தது.