வெளிநாட்டுப் படிப்புக்குப் பெட்டி கட்டுறீங்களா? எதை எடுக்கலாம், எதை விடலாம்?

ஆகஸ்ட் வந்தாலே, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும் பிள்ளை உள்ள வீட்டில் எடை பார்க்கும் தராசு கூடத்துக்கு வந்துவிடும். அம்மா ஊறுகாய் பாட்டிலை உள்ளே வைப்பார். அப்பா அதை எடுத்துவிட்டு ரைஸ் குக்கரை வைப்பார். மூன்றாவது முறை எடை பார்க்கும்போதும், "இன்னும் நாலு கிலோ கூடுதலா இருக்கு" என்றுதான் பதில் வரும்.

சுங்கை பினாங்கில் இருப்பவர்களுக்கு இதற்கான உதாரணம் ஜார்ஜ்டவுனிலேயே இருக்கிறது. ஜாலான் சிப்பாய் லைன்ஸில் உள்ள ஆர்சிஎஸ்ஐ, யுசிடி மலேசிய வளாகம் 1996-இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது. முதல் இரண்டரை ஆண்டுகள் அயர்லாந்தின் டப்ளினில் படித்துவிட்டு, மருத்துவமனைப் பயிற்சிக்குப் பினாங்கு திரும்புவதுதான் அங்குள்ள மருத்துவ மாணவர்களின் வழக்கமான பாதை.

அந்தப் பயணத்தை வைத்தே பெட்டி கட்டுவதைப் பார்ப்போம். லண்டன், மெல்பர்ன், சென்னை போகிறவர்களுக்கான மாற்றங்கள் கடைசியில் உள்ளன.

அடிப்படை விதி ஒன்றுதான்: தொலைந்தால் திரும்பக் கிடைக்காதது முதலில், அங்கே கடையில் கிடைப்பது கடைசியில்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

அயர்லாந்து செல்ல மலேசியக் குடிமக்களுக்கு முன்கூட்டியே விசா தேவையில்லை. அதனால் "டிக்கெட் இருந்தா போதும்" என்று நினைத்துவிடாதீர்கள். படிக்க வந்திருக்கிறீர்கள் என்பதை டப்ளின் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரியிடம் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை:

• கடப்பிதழ்
• பல்கலைக்கழக அனுமதிக் கடிதம்
• கட்டணம் செலுத்திய ரசீது
• மருத்துவக் காப்புறுதி ஆவணம்
• செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று அல்லது உபகாரச் சம்பளக் கடிதம்
• தங்குமிட முகவரி

2023 ஜூலை முதல், ஓராண்டுச் செலவுக்கு 10,000 யூரோ இருப்பதைக் காட்டும்படி மாணவர்களிடம் கேட்கப்படுகிறது.

இவற்றைப் பெரிய பெட்டியில் வைத்தால் பயனில்லை. குடிநுழைவுச் சோதனை முடிந்த பிறகுதான் பெட்டி உங்கள் கைக்கு வரும். நகல்களைப் போனிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்குள் நுழைந்த 90 நாட்களுக்குள் குடிநுழைவுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான கட்டணம் 300 யூரோ. அதைச் செலவுக் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

எஸ்பிஎம், ஏ-லெவல் சான்றிதழ்களின் உறுதிசெய்யப்பட்ட நகல்களும் தடுப்பூசிப் பதிவுகளும் அதே கோப்பில் இருக்கட்டும். மருத்துவ மாணவர்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசிப் பதிவு முக்கியம்.

மருந்து கொண்டு போகலாமா?

போகலாம். ஆனால் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துச் செல்லாதீர்கள். அசல் பெட்டி, மருத்துவர் சீட்டு, மருந்தின் பொதுப்பெயரும் அளவும் எழுதிய ஆங்கிலக் கடிதம் மூன்றும் சேர்ந்து இருக்கட்டும்.

விமானம் மாறும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். பினாங்கிலிருந்து டப்ளினுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய் வழியாகப் போனால், கோடீன், டிரமடால் கலந்த வலி மருந்துகளுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு உண்டு. அதைவிட நம் வீடுகளுக்கு நெருக்கமான விஷயம் கசகசா. குருமாவுக்குப் போடும் அதே கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். மசாலாத் தூள் வீட்டில் அரைத்தது என்றால், அதில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அம்மா சமைத்துக் கொடுத்ததை எடுத்துப் போகலாமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால் ஒன்றியத்தின் விதி பொருந்தும்.

*கூடாது:* இறைச்சியும் பால் பொருட்களும். கோழி ரெண்டாங், ஆட்டிறைச்சி வறுவல், நெய், பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். கொஞ்சம்தான், சொந்தச் சாப்பாட்டுக்குத்தான் என்றாலும் அனுமதி இல்லை.

*எடுத்துப் போகலாம்:* மீன் பொருட்கள், 20 கிலோ வரை. காய்ந்த நெத்திலிக்குத் தடை இல்லை.

*சான்றிதழ் வேண்டும்:* புதிய பழம், காய்கறி, இலைகள். பச்சைக் கறிவேப்பிலையும் இதில்தான் வரும். அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் டுரியானைச் சட்டம் விட்டாலும் விமான நிறுவனம் விடாது!

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கால்நடை நோய்க் கிருமிகள் இறைச்சியிலும் பாலிலும் உயிரோடு இருக்கும். 2001-இல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோயால் 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன. சட்டவிரோதமாக வந்த இறைச்சியே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. நோய் அயர்லாந்தையும் தொட்டது. மாட்டிறைச்சியையும் பாலையும் ஏற்றுமதி செய்து வாழும் நாட்டுக்கு ஒரு டப்பா வறுவலும் சின்ன விஷயம் இல்லை.

சந்தேகம் இருந்தால் மறைக்காமல் சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

கம்பளிக் கோட்டு இங்கேயே வாங்கணுமா?

வேண்டாம். டப்ளினில் ஜனவரி சராசரி வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸ். செப்டம்பரில் அவ்வளவு குளிர் இருக்காது. முதல் வாரத்துக்கு ஒரு ஸ்வெட்டர், மழைக்கு ஒரு ஜாக்கெட், நல்ல காலணி போதும். அங்கே காற்று பலமாக அடிக்கும் என்பதால் குடையைவிடத் தொப்பி வைத்த மழை ஜாக்கெட்தான் உதவும். தடித்த கோட்டைப் பென்னிஸ் போன்ற மலிவு விலைக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். வேறு நாடுகளில் பிரைமார்க் என்று அறியப்படும் கடையின் அயர்லாந்துப் பெயர்தான் பென்னிஸ்.

அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் டப்பா ஆகியவை டப்ளினின் ஆசியக் கடைகளில் கிடைக்கும். வீட்டு அரைப்பு மசாலாவுக்கு இடம் கொடுங்கள். கடை மசாலா எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

பிளக் மாட்டுமா?

மாட்டும். மலேசியாவில் நாம் பயன்படுத்தும் அதே மூன்று முனை பிளக்தான் அயர்லாந்திலும் பிரிட்டனிலும். அடாப்டர் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். ரைஸ் குக்கரை எடுத்துப் போகும் முன், விடுதி அறையில் அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட் ஹவர். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட் ஹவர் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் 2025 முதல் பல நிறுவனங்கள் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தத் தடை விதித்துள்ளன.

எடையை எப்படிக் கணக்கிடுவது?

பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குத் தனி டிக்கெட், அங்கிருந்து டப்ளினுக்கு வேறு டிக்கெட் என்றால், இரண்டு அனுமதி எடைகளில் குறைவானதையே கணக்கில் வையுங்கள். நீண்ட பயணத்துக்கு 30 கிலோ இருந்தாலும் முதல் விமானத்தில் 20 கிலோதான் என்றால், பாயான் லெப்பாஸிலேயே கூடுதல் பணம் கட்ட நேரிடும். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், பணம் கட்டினாலும் பொதுவாக ஏற்கமாட்டார்கள்.

கூடுதல் எடைக்கான கட்டணத்தையும், அந்தப் பொருளின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். போர்வை, பக்கெட், ஷாம்பு எல்லாம் அப்போதே பெட்டியை விட்டு இறங்கிவிடும்.

போனும் வங்கிக் கணக்கும்

இவை பெட்டியில் வராதவை, ஆனால் மறந்தால் அதிகம் படுத்துபவை. வங்கி அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். வங்கிச் செயலியைப் புதிய போனில் பதிவு செய்வதாக இருந்தால் இங்கேயே முடியுங்கள். மலேசிய எண்ணுக்கு ரீலோட் செய்யாமல் விட்டால் எண் காலாவதியாகிவிடும். அதற்கு வரும் வங்கிக் குறுஞ்செய்தியும் வராது. 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

வேறு நாடு போகிறவர்களுக்கு

*பிரிட்டன்:* மாணவர் விசா இப்போது மின்விசாவாக உள்ளது. இணையக் கணக்கில் உங்கள் கடப்பிதழ் எண் சரியாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

*ஆஸ்திரேலியா:* எந்த உணவாக இருந்தாலும் வருகை அட்டையில் அறிவியுங்கள். மறைத்தால் அபராதம் உண்டு, விசாவே ரத்தாகலாம். பிளக்கும் வேறு.

*இந்தியா:* 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் செல்வோர், போய்ச் சேர்ந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பிளக்குக்கு அடாப்டர் தேவை.

விதிகள் மாறக்கூடும் என்பதால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் சுங்கம், குடிநுழைவு, விமான நிறுவன இணையத்தளங்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அந்தக் கறிவேப்பிலையை அதற்கு முன் சுற்றி வைக்க வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.