தேர்வுக் கட்டணத்தில் பிறந்த பல்கலைக்கழகம்

ஒரு குடும்பம் எதனை அருமையெனக் கருதுகிறது என்பதை அதன் பேச்சைவிட அதன் கணக்கேடு தெளிவாகச் சொல்லும். கல்வி நிலையங்களுக்கும் இது பொருந்தும். பல்கலைக்கழகம் என்றதும் பட்டமளிப்பு விழாவும் மேலங்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆண்டுதோறும் அது வகுக்கும் வரவுசெலவுத் திட்டத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை அந்த வாயில் வழியே சென்று காண்பது பயனுடையது.

1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையின் விளைவாக 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இலண்டன் பல்கலைக்கழகமே அவற்றிற்கு முன்மாதிரி. அவற்றில் வகுப்பறை இல்லை, பேராசிரியர் இல்லை. தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே பணி. மாணவர் செலுத்தும் கட்டணங்கள் யாவும் ஒரு பொதுக் கட்டண நிதியில் சேர வேண்டும், அதிலிருந்தே செலவுகளைச் செய்ய வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கை ஆளுநரின் அரசுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தது. ஆக, பிறந்த நாளிலேயே அதன் பணப்பை மாணவர் கையிலும், பூட்டு அரசின் கையிலும் இருந்தன.

கற்பிக்கும் சுமையைச் சுமந்தவை கல்லூரிகள். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிய தூய வளனார் கல்லூரி போன்றவை ஆசிரியர்களுக்கு ஊதியம் தந்தன, விடுதி கட்டின. பல்கலைக்கழகமோ வினாத்தாள் அச்சிட்டு, விடைத்தாள் திருத்துவோர்க்கு ஊதியம் கொடுத்துத் தன் கடமையை முடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை அதன் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் என்பதிலிருந்து, அதன் தேர்வுக் கூடம் எத்துணைத் தொலைவிலிருந்து மாணவரை ஈர்த்தது என்பது புலப்படும்.

1904-ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் ஆராயவும் வழிவகுத்தது. இந்திய வரலாற்றுக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், இந்தியப் பொருளியலுக்கு கில்பர்ட் ஸ்லேட்டரும் பேராசிரியர்களாயினர். ஸ்லேட்டர் தம் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பித் தொகுத்த ஆய்வு 1918-இல் நூலாயிற்று. அறிவுக்கு இது பொற்காலம். கணக்கருக்கோ புதுக் கவலை. தேர்வுச் செலவு தேர்வு முடிந்ததும் தீரும். பேராசிரியர் பதவி என்பது ஆண்டுதோறும் வந்து நிற்கும் செலவு. கட்டணம் மட்டும் இதற்குப் போதாது. அரசு மானியம் இன்றியமையாததாயிற்று.

1923-ஆம் ஆண்டுச் சட்டம் நிருவாகத்தைச் சீரமைத்தது. வரவுசெலவுத் திட்டம் உருவாகும் முறையும் இவ்வாறு நிலைபெற்றது. துறைகள் தத்தம் தேவைகளைப் பட்டியலிட்டு அனுப்பும். நிதிப் பிரிவு அவற்றைத் தொகுத்து, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீட்டையும் வரும் ஆண்டின் மதிப்பீட்டையும் அருகருகே வைக்கும். நிதிக்குழு வெட்டும், ஆட்சிக்குழு ஏற்கும், ஆட்சிப்பேரவை விவாதிக்கும். ஊதியமும் ஓய்வூதியமும் போக எஞ்சுவதே நூலகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் கிடைக்கும். வெட்டுக்கத்தி முதலில் புத்தகத்தின்மேல்தான் விழும்; புத்தகம் முறையிடுவதில்லை அன்றோ!

விடுதலைக்குப்பின் இராதாகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை அடுத்து, 1953-இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைந்து, 1956-இல் சட்ட வடிவம் பெற்றது. புதிய துறைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அது பொருள் தந்தது. ஆனால் திட்டக்காலம் முடிந்ததும் அப்பதவிகளின் சுமை மாநில அரசின்மீதோ பல்கலைக்கழகத்தின்மீதோ இறங்கியது. விருந்துக்கு அழைத்தவர் ஒருவர், அடுத்த நாள் முதல் சோறிட வேண்டியவர் வேறொருவர் என்ற நிலை இது.

வரவின் ஊற்றோ ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கியது. மைசூர் 1916-இலும், ஆந்திரம் 1926-இலும், அண்ணாமலை 1929-இலும், திருவிதாங்கூர் 1937-இலும், மதுரை 1966-இலும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களைப் பெற்றன. 1978-இல் மேல்நிலை வகுப்பு பள்ளிகளுக்குச் சென்றபோது புகுமுக வகுப்பின் கட்டணம் போயிற்று. அவ்வாண்டு முதல் இலயோலா உள்ளிட்ட கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுத் தாமே தேர்வு நடத்தின. 1982-இல் பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இவை யாவும் கல்வி பரவியதன் அடையாளங்களே, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் தாய்வீட்டின் வருவாய் குறைந்தது, பழைய செலவு குறையவில்லை. 1981-இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி அவ்விடைவெளியை நிரப்ப உதவியது. பகலில் உழைத்து இரவில் படித்தவர்கள் செலுத்திய கட்டணம், தாம் ஒருநாளும் அமர்ந்திராத வகுப்பறைகளையும் தாங்கிற்று.

இதன் முரண் 2024-இல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 424 கோடி ரூபாய் வரி நிலுவை எனக் கூறி வருமான வரித்துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு நிதியாக இருந்தால்தான் அரசு நிதியில் இயங்கும் நிலையமாகக் கருதி விலக்களிக்க முடியும் என்பது விதி. அரசு மானியம் அந்தப் பாதியை எட்டவில்லை. மானியம் குறைந்தமையால் தானே தேடிக்கொண்ட வருவாயே அதற்கு எதிரான சான்றாக நின்றது.

பொதுப் பல்கலைக்கழகம் என்னும் சொல்லில் 'பொது' என்பது யாரைக் குறிக்கிறது? 1857-இல் மாணவரின் கட்டணமே அதனைத் தாங்கியது. இடையில் சமுதாயம் முழுவதும் தோள் கொடுக்க முன்வந்தது. இன்று அச்சுமை மெல்ல மெல்ல மீண்டும் மாணவரின் தோளுக்கே நகர்கிறது. அத்தோள்களுள் மிக மெலிந்தது முதலில் வரிசையை விட்டு விலகும். அதன் பெயர் எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறாது. பட்டமளிப்பு விழாவில் கைதட்டும் நாம், ஆண்டுதோறும் வெளிவரும் அந்தக் கணக்கேட்டையும் ஒருமுறை வாசிப்போமாக. நம் பிள்ளைகளுள் யாருக்கு வாயில் திறந்திருக்கிறது, யாருக்கு அடைபடுகிறது என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.