எழுநூறு பேர் கப்பலேறிய கதை

டைட்டானிக் படத்தை நம்மில் பலர் நாலைந்து முறையாவது பார்த்திருப்போம். கப்பல் இரண்டாக உடைகிறது, மூழ்குகிறது, கதாநாயகன் குளிரில் இறந்துபோகிறான், கதாநாயகி விசில் ஊதிப் பிழைக்கிறாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவள் இன்னொரு கப்பலின் மேல்தளத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். கடலில் ஆடிக்கொண்டிருக்கும் சின்னப் படகிலிருந்து அந்தப் பெரிய கப்பலுக்குள் இவர்கள் எப்படி ஏறினார்கள்? சினிமாவில் இதைக் காட்டவில்லை. கப்பல் என்ன டவுன் பஸ்ஸா, ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொள்ள? பக்கத்தில் நின்று பார்த்தால் அது செங்குத்தான இரும்புச் சுவர். ராத்திரி முழுக்க உறைபனிக் குளிரில் உட்கார்ந்து, விரல் மரத்துப்போன பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள்... இவர்கள் அந்தச் சுவரில் எப்படி ஏறியிருக்க முடியும்?

இதைத் தேடிப் படித்தபோது கிடைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் கதாநாயகன் ஒரு ஏணி!

கார்பேத்தியா

டைட்டானிக்கில் இருந்தவர்கள் சுமார் 2200 பேர். உயிர்காப்புப் படகுகள் 20. அவற்றில் மொத்தம் இருந்த இடம் 1178 பேருக்கு மட்டும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் கப்பல் மூழ்கியபோது சுமார் 1500 பேர் இறந்தார்கள்.

அந்த இரவில் உதவிக்கு ஓடி வந்த கப்பலின் பெயர் கார்பேத்தியா. குனார்ட் கம்பெனியின் கப்பல். நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் பெயர் ஆர்தர் ராஸ்ட்ரன். அந்தக் கப்பலுக்கு அவர் பொறுப்பேற்று நாலு மாதம்கூட ஆகவில்லை.

வயர்லெஸ் ஆபரேட்டர் ஹெரால்டு காட்டம் ஆபத்துச் செய்தியைக் கேட்டுவிட்டு ஓடி வந்து கேப்டனை எழுப்பினார். டைட்டானிக் கொடுத்த இடக்குறிப்பின்படி தூரம் 58 மைல். ராஸ்ட்ரன் உடனே கப்பலைத் திருப்பச் சொன்னார். இதுவரைக்கும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அடுத்த மூன்றரை மணி நேரத்தில் அவர் செய்த ஏற்பாடுகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன.

கேப்டன் போட்ட பட்டியல்

விபத்துக்குப் பிறகு அமெரிக்க செனட் நடத்திய விசாரணையில் ராஸ்ட்ரன் சாட்சி சொன்னார். அன்று இரவு தான் என்னென்ன உத்தரவு போட்டேன் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் கொடுத்தார். மூன்று டாக்டர்களை மூன்று உணவுக்கூடங்களில் நிறுத்தியது, சூப், காபி, டீ, போர்வை தயார் செய்தது எல்லாம் அதில் வருகிறது. ஆனால் பட்டியலில் பெரும்பகுதி ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது. படகில் வருகிறவர்களை மேலே ஏற்றுவது எப்படி?

முதலில் கப்பலின் பக்கவாட்டுக் கதவுகளை எல்லாம் திறந்து வைக்கச் சொன்னார். சாதாரணமாகத் துறைமுகத்தில் சரக்கும் ஆட்களும் ஏறி இறங்கத் திறக்கும் கதவுகள் அவை. மேல்தளத்தை விடத் தாழ்வாக இருப்பவை. அதாவது ஏற வேண்டிய உயரத்தையே முதலில் குறைத்துவிட்டார்! ஏணி தேடுவதற்கு முன்னால் ஏறவேண்டிய உயரத்தைக் குறைக்க வழியுண்டா என்று பார்த்த அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்து, ஒவ்வொரு கதவிலும் மின்விளக்குக் கொத்து. கீழே இருக்கிறவர்களுக்குப் படி தெரிய வேண்டுமே.

பிறகு ஒவ்வொரு கதவிலும் நூலேணி. துறைமுகத்துக்குள் கப்பலை வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட்டுகள் நடுக்கடலில் ஏறிவரப் பயன்படுத்தும் ஏணி இது. இரண்டு பக்கமும் கயிறு, நடுவில் மரப்படிகள். வேண்டும்போது தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம்.

நோயாளிகளுக்கும் காயம்பட்டவர்களுக்கும் கயிற்று நாற்காலி. அதை இழுக்க ஒவ்வொரு கதவிலும் கப்பி. நாற்காலியில் உட்கார்ந்தவர் விழாமல் கட்டிவைக்கத் தனிக் கயிறு.

குழந்தைகளுக்குக் கித்தான் பைகள்! கொதிகலன் அறையிலிருந்து சாம்பல் அள்ளும் பைகள். குழந்தையை உள்ளே போட்டு மேலே தூக்கிவிடலாம்.

இவை போதாதென்று சரக்கு தூக்கும் வடங்களின் நுனியில் சுருக்குப் போட்டுப் பக்கவாட்டில் தொங்கவிடச் சொன்னார். கடல் கொந்தளித்தால் அமைதிப்படுத்த எண்ணெய் ஊற்றவும் ஏற்பாடு. சரக்கு தூக்கும் இயந்திரங்களுக்கும் நீராவி தயார்.

விடிகாலை 4.10

முதல் படகு கார்பேத்தியாவை ஒட்டி வந்தது விடிகாலை 4.10க்கு. கடைசிப் படகிலிருந்தவர்கள் ஏறியது காலை எட்டரை மணி வாக்கில். நாலு மணி நேரத்துக்கும் மேல் இந்த ஏற்றம் நடந்தது. ராஸ்ட்ரன் கொடுத்த எண்ணிக்கை 705. மற்ற கணக்குகளில் இது கொஞ்சம் கூடக்குறைய இருக்கிறது.

லாரன்ஸ் பீஸ்லி என்ற அறிவியல் ஆசிரியர் 13ஆம் எண் படகில் பிழைத்தவர். அதே 1912இல் புத்தகமே எழுதிவிட்டார். அவர் படகில் பெண்கள் முதலில் நூலேணியில் ஏறினார்களாம். ஆனால் வெறுமனே ஏறவில்லை. தோளைச் சுற்றி ஒரு கயிற்றுச் சுருக்கு. மேலே இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கை நழுவினாலும் கடலில் விழமாட்டார்கள். பிறகு ஆண்கள், கடைசியில் கப்பல் ஊழியர்கள். படகில் இருந்த கைக்குழந்தை வாய் கட்டிய பையில் மேலே போனது.

இங்கே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூலேணி என்பது பழகியவனுக்கான கருவி. அது சுவரோடு ஒட்டி நிற்காது, ஆடும். அலையில் கப்பல் சாய்ந்தால் ஏணி விலகும், திரும்பி வந்து மோதும். கால் வைத்ததும் படி உள்பக்கம் ஓடும், உடம்பு வெளிப்பக்கம் சாயும். அப்போது முழு எடையும் கையில்தான். கைதான் மரத்துப்போயிருக்கிறதே!

ராஸ்ட்ரன் நூலேணியை மட்டும் தொங்கவிட்டிருந்தால் இளைஞர்கள் ஏறியிருப்பார்கள். மற்றவர்கள்? பலமானவனுக்கு ஏணி, பயப்படுகிறவருக்கு ஏணியோடு கயிறு, நடக்க முடியாதவருக்கு நாற்காலி, குழந்தைக்குப் பை. வரப்போவது யார் என்று தெரியாத நிலையிலேயே எல்லா வகை ஆட்களுக்கும் வழி வைத்திருந்தார்.

கயிறு மட்டும் இருந்தால்

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சம்பவம். 1941 மே 27. பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் அட்லாண்டிக்கில் மூழ்கியது. அதில் 2200 பேருக்கு மேல் இருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தார்கள். டார்செட்ஷயர் என்ற பிரிட்டிஷ் கப்பல் அவர்களைத் தூக்கிக்கொள்ள வந்து நின்று கயிறுகளைக் கீழே விட்டது.

கடலோ கொந்தளிப்பு. தண்ணீரில் எண்ணெய். நீந்தியவர்களின் கைகளும் எண்ணெய். பலருக்குக் காயம். வழுக்கும் கையோடு நனைந்த கயிற்றில் எப்படி ஏறுவது? பாதி ஏறி விழுந்தவர்கள் பலர். இதற்குள் நீர்மூழ்கிக் கப்பல் தென்பட்டதாகச் சந்தேகம் வர, டார்செட்ஷயர் மற்றவர்களை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. அதுவும் மவோரி என்ற கப்பலும் சேர்ந்து மீட்டவர்கள் சுமார் 110 பேர்தான்.

அது போர்க்களம், இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பது எனக்கும் தெரிகிறது. விட்டுச் சென்றதற்குக் காரணம் நீர்மூழ்கி பயம்தான், ஏணி இல்லாதது அல்ல. ஆனால் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் எத்தனை பேர் மேலே வர முடியும் என்பதைத் தீர்மானித்தது கப்பலின் பக்கவாட்டில் என்ன தொங்கியது என்பதுதானே?

இன்றைய ஏணி

பைலட் ஏணிக்கு இன்று சர்வதேச விதிகள் இருக்கின்றன. படிகளுக்கு இடையே 310 முதல் 350 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கீழே உள்ள நாலு படிகள் ரப்பராக இருக்கலாம். ஏணி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுநடுவே 1.8 மீட்டர் நீளக் குறுக்குப் படி வேண்டும். ஏற வேண்டிய உயரம் 9 மீட்டருக்கு மேல் போனால் நூலேணி மட்டும் போதாது, சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்து வைக்க வேண்டும். இவ்வளவு விதி இருந்தும் பைலட்டுகள் ஏணியிலிருந்து விழுந்து இறப்பது இன்னும் நின்றபாடில்லை.

சின்னப் படகுகளுக்கும், படகுத்துறைகளுக்கும் கழற்றி மாட்டும் ஏணிகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுக்கவும் கார்பேத்தியாவின் பாடமே போதும் என்று நினைக்கிறேன்.

ஏணி தண்ணீர் மட்டத்தோடு நின்றுவிடக் கூடாது, இரண்டு மூன்று படிகளாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். நனைந்த துணியோடு கைபலத்தில் மட்டும் உடம்பைத் தூக்க முடியாது, காலுக்குப் பிடிமானம் வேண்டும். படகுத்துறை என்றால் நீர்மட்டம் இறங்கும்போதும் படி எட்ட வேண்டும். கயிறை விடக் கெட்டியான சட்டம் நல்லது. அது படகை ஒட்டாமல் நிற்கத் தாங்குகட்டை இருந்தால்தான் படியில் முழுப் பாதம் பதியும். மாட்டும் கொக்கியை வெறும் திருகாணியில் நிறுத்தாமல், பலகையின் மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பாரம் முழுக்க அங்கேதான் இறங்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், தண்ணீரில் விழுந்தவரே கீழேயிருந்து ஏணியை இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். படகில் தனியாகப் போனவர் விழுந்தால் மேலே இருந்து எடுத்துப்போட யார் இருக்கிறார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டுப் படகு விதி இதைக் கட்டாயமாகவே சொல்கிறது. கழற்றக்கூடிய ஏணியின் வசதியே அதன் ஆபத்தும். கழற்றி அலமாரியில் வைத்த ஏணி இல்லாத ஏணிக்குச் சமம்.

ராஸ்ட்ரனுக்கு அமெரிக்க காங்கிரஸ் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1926இல் சர் பட்டமும் கிடைத்தது. கார்பேத்தியாவின் விதி வேறு. 1918 ஜூலை 17 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். மற்றவர்கள் படகில் இறங்கித் தப்பி, ஸ்னோட்ராப் என்ற கப்பலில் ஏறிக்கொண்டார்கள்.

அந்தக் கப்பலின் பக்கவாட்டில் என்ன தொங்கியதோ!